தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவன்

1

சில வருஷங்களுக்கு முன் சங்கீத ரசனை பற்றி இந்தப் பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினேன். அதன் முதல் பத்தியில் நான் கேட்ட முதல் கச்சேரியின் வர்ணனை உண்டு. பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு மார்கழி மாலையில், மயிலாப்பூர் சபா ஒன்றின் பின்வரிசையில் உட்கார்ந்து தோடி கேட்டேன் என்றும், அன்றுதான் செவி திறந்தது என்றும் எழுதியிருந்தேன். இதில் மயிலாப்பூர் உண்மை, மார்கழி உண்மை, தோடியும் உண்மை. 'முதல்' என்ற சொல் மட்டும் பொய். கட்டுரை முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல் நின்றுகொண்டிருந்ததால் கட்டுரையும் பொய்.

அதோடு நான் நிற்கவில்லை. முத்துஸ்வாமி தீட்சிதர் தம் முதல் கிருதியை இயற்றியது திருத்தணியில் என்பது சங்கீத உலகம் ஏற்றுக்கொண்ட மரபு. முருகன் முதியவராக வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டதாகக் கதை. அந்தக் கிருதி மாயாமாளவகௌளையில் அமைந்தது. பாட்டு கற்க உட்காரும் குழந்தை இன்றும் சரளி வரிசை தொடங்கும் அதே ராகம். திருத்தணி எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருப்பதால் அந்தக் கற்கண்டில் ஒரு துண்டு எனக்கும் பாத்தியதை என்பது போல, தீட்சிதரையும் கட்டுரைக்குள் இழுத்து வந்திருந்தேன். திருத்தணி மாவட்டத்தின் மேற்குக் கோடி. நான் வளர்ந்த கும்மிடிப்பூண்டி கிழக்குக் கோடி. நடுவில் இருப்பது கற்கண்டு அல்ல.

இந்தத் திருத்தத்தை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. அண்மையில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு முதல் கச்சேரி, மறக்க முடியாத கச்சேரி என்று திரும்பியது. ஒருவருக்குத் தாத்தாவின் தோள், கும்பகோணத்துக் கல்யாணப் பந்தல், நாகஸ்வரம். ஒருவருக்குத் திருவையாறு, தியாகராஜ ஆராதனை, காவிரிக் காற்று. இன்னொருவருக்கு அக்ரஹாரத்து ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட வீணை. எல்லாமே நல்ல ஞாபகங்கள், நன்றாகச் சொல்லப்பட்டவை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். பேசியவர்கள் அனைவரும் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளர்ந்தவர்கள். ஆடி மாதத்தில் ஒரு தெருவையாவது கடந்து போயிருப்பார்கள். ஒருவர் காதிலும் ஓர் இன்னிசைக் கச்சேரி விழவில்லை என்றால் எப்படி நம்புவது? அங்கே நடந்துகொண்டிருந்தது ஞாபகமல்ல, தேர்வு. ஜாதகத்தைத் திருத்தி எழுதுவது போல நாங்கள் எங்கள் காதுகளுக்குப் பிறந்த நேரம் குறித்துக்கொண்டிருந்தோம். என் முறை வந்தபோது நானும் மயிலாப்பூர்த் தோடியையே சொன்னேன்.

2

நடந்தது இது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. எனக்கு ஒன்பது வயது. சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் ஊரின் அம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, மேலே பலகை போட்டு மேடை. சென்னையிலிருந்து வந்த குழு. ஒரு கீபோர்டு, ஒரு கிதார், டிரம்ஸ், தபேலாவும் டோலக்கும் மாற்றி மாற்றி வாசிக்க ஓர் ஆள், பாட இரண்டு ஆண்கள், ஒரு பெண். முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு அம்மன் பாட்டுகள், பிறகு பழைய சினிமா, அதற்குப் பிறகு இளையராஜா, கடைசியில் ரஹ்மான். நடுநடுவே சீட்டு போகும். இன்னாருடைய மகன் இன்னார் ஐம்பது ரூபாய் அன்பளிப்பு என்று அறிவிப்பாளர் வாசிப்பார். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கு. அன்பளிப்பும் இரண்டு பாஷையிலும் வரும்.

பத்து மணிக்கு மேல் இரண்டாவது ஷிப்ட் முடிந்தவர்கள் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். கூட்டத்தின் நிறமே மாறியது. அப்பாவும் அவர்களில் ஒருவராக, ஹாண்டில்பாரில் டிபன் கேரியர் தொங்க, வந்தார். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் வேலை. சிவக்கக் காய்ந்து பாம்பு போல ஓடிவரும் கம்பியின் தலையைக் கொறட்டால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிடுவது அவருடைய வேலை. என்னைத் தூக்கிக்கொண்டு நேராக டிரம்ஸ் இருக்கும் பக்கத்துக்குப் போய் நின்றார்.

எனக்கு அன்று கிடைத்தது பரவசம் அல்ல, ஒரு தகவல். அதுவரை பாட்டு என்பது டீக்கடை ரேடியோவிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ வருவது. மழை மாதிரி. அதை ஆட்கள் செய்கிறார்கள், அதற்குக் கை கால் வேண்டும், நடுவில் அவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அப்பா காதருகே குனிந்து, "அவன் கையப் பாரு. மணிக்கட்டு மட்டுந்தான் ஆடுது. தோள் ஆடினா ராத்திரி பூரா அடிக்க முடியாது. கொறடு பிடிக்கிறதும் அப்படித்தான்" என்றார். கச்சேரி முடியும்வரை அவர் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. பாடிய பெண்ணை அவர் பார்த்ததாகவே நினைவில்லை.

3

இதை ஏன் மறைத்தேன்? வெட்கம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் வெட்கத்துக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. இன்னிசைக் கச்சேரி போலி. அது வேறொருவருடைய சிருஷ்டியை நகலெடுப்பது. சாஸ்திரீயக் கச்சேரி மனோதர்மம். அது அந்தக் கணத்தில் பிறப்பது. இந்தப் பிரிவினையை நான் வெகுநாள் நம்பினேன். இன்று எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை.

வால்டர் பெஞ்சமின் 1936-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், இயந்திரப் பிரதி வந்தபின் மூலப்படைப்பைச் சூழ்ந்திருந்த ஒளி மங்குகிறது என்றார். ஆடி மாத மேடையில் இது தலைகீழ். அங்கே மூலம் என்பதே ஒலிப்பதிவுதான். உயிருள்ள மனிதர்கள் அதன் பிரதி. 'ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே வாசித்தான்' என்பதுதான் அங்கே உச்சபட்சப் பாராட்டு. ஆனால் அந்த 'மாதிரியே' எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டூடியோவில் வயலின் கூட்டம் ஒன்று வாசித்ததை இங்கே ஒருவன் இடது கையால் சமாளிக்கிறான். வலது கை புல்லாங்குழலுக்குப் போகிறது. எதை விடுவது, எதைக் காப்பாற்றினால் கூட்டம் விட்டதைக் கவனிக்காது என்பது கணத்துக்குக் கணம் அவன் எடுக்கும் முடிவு. இதற்கு மனோதர்மம் என்ற பெயரை நாம் தர மறுப்பது சங்கீத காரணத்தால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. அதில் ஒரு பாடம் உண்டு. ஒரே மனிதன் போடும் இரண்டு கையெழுத்துகள் ஒருபோதும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால்தான் சந்தேகம் வர வேண்டும். நேரில் நடக்கும் நகல் எதுவும் நகலாக முடிவதில்லை. மறுபக்கம், சபாவில் நாம் மெச்சுகிற சுத்தமான பாடாந்தரமும் குருவிடமிருந்து சங்கதி சங்கதியாக வந்த விசுவாசமான நகல்தானே? ஒரு கிருதியில் சங்கதி ஒன்றை மாற்றிப் பாடிவிட்டால் முன்வரிசை முகம் சுளிப்பதைப் பார்க்காதவர் யார்?

மேடைக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவே நாம் போடும் சுவர்கூட அவ்வளவு உயரமில்லை. இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனோடு பாவலர் பிரதர்ஸ் என்ற பெயரில் ஊர் ஊராக, பெரும்பாலும் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில், வாசித்தவர். சென்னை வந்தபின் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் இருந்தவர். 1976-ல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் அவருடைய கல்லூரி என்பது இந்த மேடைகளும் தன்ராஜ் மாஸ்டரின் அறையும். எங்கள் ஊர் டிரெய்லர் மேடையில் அவர் பாட்டை வாசித்தவர்கள், ஒரு விதத்தில், அது கிளம்பிய இடத்துக்கே அதைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள்.

நம் இலக்கியத்துக்கும் இந்தக் காது வாய்க்கவில்லை. தி. ஜானகிராமனின் 'செய்தி' எனக்குப் பிடித்த கதை, இப்போதும் பிடிக்கும். ஆனால் அதில் நாகஸ்வர வித்வானின் துக்கமே மகன் சினிமா மெட்டுகளின் பக்கம் சாய்வதுதான். அந்தத் துக்கத்துக்கு ஆறுதல் சொல்ல ஒரு வெள்ளைக்காரர் வந்து மெய்மறந்து கேட்க வேண்டியிருக்கிறது. மகன் ஏன் அதை வாசிக்கிறான், யாருக்காக வாசிக்கிறான் என்ற கேள்விக்குள் கதை போவதில்லை. நான் அந்த மகன் வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவன். வளர்ந்தபின் அப்பாவின் துக்கத்தை மட்டும் சுவீகாரம் எடுத்துக்கொண்டேன்.

4

நாம் 'ரசிகன்' என்கிற பிறவிக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது அதையொட்டி நடந்த சங்கீத மாநாட்டிலிருந்து 1928-ல் மியூசிக் அகாதெமி பிறந்தது. டிசம்பர் சீசன் என்பது அதன் வழிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் கச்சேரிக்கு இன்றைய அமைப்பைக் கொடுத்தார். வர்ணத்தில் தொடங்கி, கிருதிகள், பிரதான உருப்படி, தனி ஆவர்த்தனம், துக்கடாக்கள், மங்களம் என்று இரண்டரை மூன்று மணி நேரத்தில் அடங்கும் ஒரு மாலை. அந்த மாலைக்கு ஏற்ற செவியை 'கர்நாடகம்' என்ற பெயரில் விகடனில் எழுதிய கல்கி பழக்கினார். ரசிகமணி டி.கே.சி. ரசனையையே ஒரு வாழ்க்கை முறையாக்கினார். இவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இவர்கள் உண்டாக்கிய ரசிகனுக்குச் சாயங்காலம் ஓய்வு உண்டு. வீடு அருகில் இருக்கிறது. காது பழுதில்லாமல் இருக்கிறது. இந்த மூன்றும் தனக்கு இருப்பதை அவன் கவனித்ததே இல்லை.

பழைய கட்டுரையில் நான் ஒரு கூட்டத்தாரைக் காரசாரமாகத் திட்டியிருந்தேன். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கான்டீனுக்குப் போகிறவர்கள். பாடுகிறவர் வாயை மூடியதும் சங்கீதம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள், லயம் என்ற பாதியை அறியாதவர்கள் என்றெல்லாம். வாசித்தவர்கள் பாராட்டினார்கள். நான் எழுதாமல் விட்டது, அந்த நேரத்தில் எழுந்து போகிறவர்களில் நானும் ஒருவன் என்பது. கான்டீனுக்கு அல்ல, ரயிலுக்கு. மயிலாப்பூரிலிருந்து சென்ட்ரல் போய், கும்மிடிப்பூண்டி மின்சார வண்டியைப் பிடித்து, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டி இறங்க வேண்டும். அந்த வண்டியை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். அதில் வந்து இறங்கினால் ஊருக்குள் போக ஷேர் ஆட்டோ இருக்காது. நான் கேட்ட மாலைக் கச்சேரிகளில் மங்களம்வரை இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்குக் காரணம் இருந்தது என்பது நியாயம்தான். ஆனால் மேடையிலிருந்து மிருதங்கக்காரர் பார்த்தது ஒரு முதுகை. என் முதுகில் ரயில்வே கால அட்டவணை ஒட்டியிருக்கவில்லை.

இதில் இன்னொரு விஷயம் உறுத்துகிறது. அப்பா எனக்குக் காட்டிய முதல் சங்கீதமே கைதான். சபாவில் கைகள் முன்னுக்கு வரும் அந்த ஒரே கட்டத்தில் நான் எழுந்துவிடுகிறேன். 2020-ல் டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அன்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் தேர்ந்து, பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டி, வித்வானின் காதுக்கு ஏற்ற நாதத்தைக் கொண்டுவருகிறவர்கள். பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி அய்யரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞர் இருந்தார் என்பதை அந்தப் புத்தகத்தில்தான் பலர் முதன்முதலாகப் படித்தோம். வாசிக்கும் கைக்குப் பின்னால் செய்யும் கை. நான் வாசிக்கும் கைக்கே உட்காராதவன்.

5

இந்தத் திருத்தக் கட்டுரைக்கு நான் முதலில் யோசித்து வைத்திருந்த முடிவு வேறு. உழைப்பாளியின் காது சங்கீதத்தில் உழைப்பைக் கேட்கிறது. மணிக்கட்டைப் பார்த்த என் அப்பா குரலின் மயக்கத்துக்குச் சிக்காத விமர்சகர். சபா ரசிகன் அவரிடம் கற்க வேண்டும் என்கிற ரீதியில். கேட்க நன்றாக இருந்தது. எழுதுமுன் அப்பாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அவர் ஓய்வுபெற்றுச் சில வருஷங்கள் ஆகின்றன. இரண்டு முறை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. எனக்கு அப்பவே காது போயிடுச்சு. பொம்பளக் குரல் சரியாவே கேக்காது. வாய் அசையறது தெரியும், அவ்வளவுதான். டிரம்ஸ்தான் நெஞ்சுல வந்து இடிக்கும். அதான் அந்தப் பக்கம் நிப்பேன்."

ஆலை இரைச்சலில் காது போவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. உயர் சுருதி ஒலிகளே முதலில் தேயும். 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் தொடங்கும். பேச்சில் மெய்யெழுத்துகள் மழுங்கும். தாழ்ந்த ஒலிகள் கடைசிவரை மிஞ்சும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் என்று நம் தொழிற்சாலை விதிகளில் வரம்பு உண்டு. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை அப்போதிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையில் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இருந்தது. அப்பாவுக்கு யாரும் எதையும் அறிவிக்கவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும். அவர் கையைப் பார்த்தது அழகியல் அல்ல. கேட்க மிஞ்சியிருந்ததை அவர் கேட்டார். மற்றதற்குக் கண்ணை வைத்துக்கொண்டார். ஒரு மனிதனின் காது போனதை நான் விமர்சனக் கோட்பாடாக மாற்றிக்கொண்டிருந்தேன். முதல் கட்டுரையின் பொய்யைவிட இது பெரிய பொய்யாக முடிந்திருக்கும். இதற்கு எல்லோரும் கைதட்டியிருப்பார்கள்.

ஏன் கைதட்டியிருப்பார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் வட்டத்தில் செலாவணி மாறிவிட்டது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது நானும் போயிருந்தேன். கானாவும் ராப்பும் பறையும் சட்டியும் கிதாரும். அயோத்திதாசர் சொன்ன சாதியற்றவர்கள் என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர். தோல் வாத்தியங்கள் முழங்கும்போது அங்கே யாரும் எழுந்து போகவில்லை. எழுந்து போக யாரும் உட்கார்ந்திருக்கவே இல்லை. அது மிகச் சிறந்த கச்சேரிகளில் ஒன்று, எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்று 'எனக்குப் பிடித்த கச்சேரி' என்று அதைச் சொல்வது, பத்துப் பதினைந்து வருஷங்களுக்கு முன் தோடியைச் சொன்னது போலவே, ஓர் அட்டையை நீட்டி உள்ளே நுழைவதாக ஆகிவிடலாம். அட்டை மாறியிருக்கிறது; வாசலில் நிற்கும் நான் மாறவில்லை. கச்சேரி அதற்குப் பொறுப்பல்ல. பொறுப்பு நினைவு கூர்கிறவனுடையது.

எனவே எனக்குச் சொல்ல மிஞ்சியிருப்பது சின்ன விஷயம். சுத்தமான செவி என்று ஒன்றில்லை. ஒவ்வொரு செவியும் ஏதோ ஒரு ஷிப்டிலிருந்து, ஏதோ ஒரு தெருவிலிருந்து வருகிறது. ஏதோ ஒரு வண்டிக்குப் போக வேண்டியிருக்கிறது. சங்கீதத்தைப் பற்றி எழுதுகிறவன் ராகம் எது, உருப்படி எது என்று எழுதுவதோடு தான் எங்கே உட்கார்ந்திருந்தான், எப்போது எழுந்தான், ஏன் எழுந்தான் என்பதையும் எழுத வேண்டும். இதனால் தோடி சிறியதாகிவிடாது. அது எதைத் தாண்டி என்னிடம் வந்தது என்று தெரியும், அவ்வளவே.

ஒரு விவரம் பாக்கி. ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டும் என்ற இரைச்சல் விதிகள் 2000-ல் வந்தன. திருவிழாவுக்கு அரசு அனுமதித்தால் நள்ளிரவுவரை. விதி அவசியமானது, நோயாளிக்கும் குழந்தைக்கும் தூக்கம் வேண்டும். ஆனால் பத்து மணிக்கு இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு இன்று பெரும்பாலும் காலி மேடைதான் மிஞ்சும். ஊரின் காதைக் காப்பாற்ற ஒரு நேரம் குறித்தார்கள். அந்த நேரம்வரை அவன் காது எங்கே இருந்தது என்பது அந்த விதிக்குள் வரவில்லை.

ஆகவே திருத்தம்: என் முதல் கச்சேரி மயிலாப்பூரில் அல்ல, கும்மிடிப்பூண்டியில், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை இரவு. பாடியவர்கள், வாசித்தவர்கள் பெயர் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு மேல் முடிந்தது. கடைசிப் பாட்டுவரை இருந்தோம். வீடு நடக்கிற தூரத்தில் இருந்தது.